அங்கால போங்கம்மா

பெரியகல்லாறு
11.02.2024

அன்புள்ள உதயரூபன் அண்ணாவுக்கு,

உங்கள் போனில் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஸ்டூடியோவுக்கு வந்தால் அண்ணன் வெளியே போய்விட்டார் என்கிறார்கள்; உள்ளறையில் நீங்கள் யாருடனோ சிரித்துக் கதைப்பது வாசல்வரை கேட்கிறது. தபால்காரரையாவது திருப்பி அனுப்பமாட்டீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

கொழும்பில் நடந்த கலியாணப் படப் போட்டியில் உங்களுக்கு முதற்பரிசு கிடைத்த செய்தியை அஞ்சலாதான் எனக்குக் காட்டினாள். என்னோடு வந்தாறுமூலைக் கம்பஸில் படித்தவள், இப்போது தேவாலயக் கலியாணங்களுக்குப் படமெடுக்கிறவள். "உண்ட அண்ணன் வெண்டிட்டார்கா!" என்று சந்தோஷமாகத்தான் போனை நீட்டினாள். பார்த்தேன். அது நான் எடுத்த படம்.

மண்டூரில் சீதேவிப்பிள்ளை மாமியின் மகளுக்குக் கலியாணம். நீங்கள் மணவறைக்கு முன்னால் நின்றீர்கள். இரண்டாவது கமராவோடு வந்தவள் நான். பெண்ணின் தாயை எங்கும் காணவில்லையே என்று தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். புருஷன் இல்லாதவர் தாலி கட்டும் நேரத்தில் முன்னால் நிற்கக்கூடாதென்று அவரைச் சமையற்பக்கம் அனுப்பியிருந்தார்கள். தென்னங்கிடுகு மறைப்பில் இருந்த இடைவெளியால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் எழும்பியது. மாப்பிள்ளை அங்கே முடிச்சுப் போட, இங்கே மாமி தன் சேலைத் தலைப்பை எடுத்து அவரும் முடிச்சுப் போட்டார். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துப் போட்டார். என் கை நடுங்கியதில் படத்தின் ஒரு மூலை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. பரிசு பெற்ற படத்திலும் அந்த மூலை கலங்கித்தான் இருக்கிறது.

வந்தாறுமூலையில் படித்த காலத்தில் டவுனுக்கு வந்தால் முதலில் உங்கள் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்பேன். மழையில் பாதைப் படகில் வாவியைக் கடக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் படம் அதில் இருந்தது. எல்லாரும் நனைகிறார்கள், மாப்பிள்ளைக்கு மேலே பிடித்த குடையைக் காற்று திருப்பிவிட்டது, அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். கலியாணப் படமென்றால் வரிசையில் விறைத்து நிற்பதுதான் என்று நினைத்திருந்த எனக்கு, இப்படியும் எடுக்கலாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படிப்பு முடிந்ததும் உங்களிடம் வேலைக்கு வந்தது அந்தப் படத்துக்காகத்தான்.

ஏதோ பிழை நடந்திருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன். என் பெயரைப் போடச் சொல்லிப் போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். போதும்.

தங்கச்சி,
தக்ஷாயினி

*

மட்டக்களப்பு
20.02.2024

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. போனில் நீ அனுப்பியவற்றின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் தடுத்தேன். கடிதத்தில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. ஆகவே பதில் எழுதுகிறேன்.

கமரா என்னுடையது. கலியாணத்துக்கு என்னைத்தான் அழைத்தார்கள். அந்த வீட்டுக்குள் நீ நுழைந்ததே என் பெயரால்தான். இந்த ஊரில் எந்த ஸ்டூடியோவிலாவது இரண்டாவது கமராவுக்குத் தனிப்பெயர் போடுவார்களா? கேட்டுப் பார்.

அதைவிட முக்கியமான ஒன்று. சமையற்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? வரிசையை விடு, வரிசைக்கு வெளியே நடப்பதைப் பார் என்று சொல்லித் தந்தது யார்? என் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்குக் கண் திறந்தது. அதை நீயே எழுதியிருக்கிறாய். நான் திறந்துவிட்ட கண் பார்த்ததில் எனக்குப் பங்கில்லையா? நானும் எத்தனையோ பேரின் படங்களைப் பார்த்துக் கற்றவன்தான். அவர்கள் யாரோடும் நான் சண்டைக்குப் போனதில்லை.

கோபம் ஆறட்டும். சித்திரைக்குப் பிறகு வா, நல்ல கலியாணங்களாகத் தருகிறேன். மட்டக்களப்பு சின்ன இடம், தங்கச்சி. இங்கே ஒருவர் பெயர் கெட்டால் எல்லா மண்டபங்களுக்கும் அது தெரிந்துவிடும்.

அண்ணன்,
உதயரூபன்

*

பெரியகல்லாறு
19.05.2024

உதயரூபனுக்கு,

சித்திரை முடிந்து வைகாசியும் வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான், எல்லா மண்டபங்களுக்கும் தெரிந்துவிட்டது. களுவாஞ்சிகுடியில் ஒரு பெண் வீட்டார் என்னோடு பேசி முடித்த கலியாணத்தைக் கடைசி நேரத்தில் வேண்டாமென்றார்கள். "நீங்க அல்பத்த ஒழுங்காக் குடுக்கமாட்டீங்களாம். படத்த எடுத்துக்கிட்டு மறுகா சண்டைக்கும் வருவீங்களாம்." யார் சொன்னது என்று கேட்டேன். பெரிய இடத்தில் விசாரித்தார்களாம். அந்தப் பெரிய இடம் எதுவென்று எனக்குத் தெரியும்.

அரசாங்கக் கச்சேரியில் பதிவுக் கலியாணத்துக்கு வருகிறவர்களைப் படமெடுத்தும், அஞ்சலா கூப்பிட்டால் அவளோடு போயும் நாளை ஓட்டுகிறேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. குருமண்வெளித் துறையில் படகேறி மண்டூருக்குப் போனேன். அந்தப் படம் எடுத்தபோது பக்கத்தில் நின்றது யார் என்று சீதேவிப்பிள்ளை மாமியின் வாயால் கேட்டு, அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம்.

"அந்தப் பொடியன் இஞ்சால வரவேயில்லயே புள்ள. நீதானே எனக்குப் பக்கத்தில நிண்ட," என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்டார்: "என்ன படம்? எண்ட படத்தயா கொழும்பில மாட்டிரிக்காங்க?"

போனில் காட்டினேன். அதிக நேரம் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"நான் ஆருக்கும் தெரியாமச் செஞ்ச வேல இது. நாலு சனம் பாக்கவா செஞ்சன்? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிங்களா ரெண்டு பேரும்? இதுக்கு உண்ட பேரும் வேணாம், அவண்ட பேரும் வேணாம். எறக்கச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைச் சொன்னது சரி. அதனால் அந்தப் படத்துக்கு என் பெயரை இனிக் கேட்கமாட்டேன். அவர் சொன்னதைத்தான் கொழும்புக்காரருக்கும் எழுதினேன். உங்களோடு பேசித் தீர்க்கச் சொல்லிப் பதில் போட்டார்கள்.

படத்தை விட்டுவிட்டேன், உங்களை விடவில்லை. அதைத் திருடியதற்கும், நான் பிழைக்கும் வழியை மறித்ததற்கும் நீங்கள் அவமானப்பட வேண்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அண்ணா என்று உங்களை அழைத்த வாயைக் கழுவிவிட்டேன்.

தக்ஷாயினி

*

மட்டக்களப்பு
02.06.2024

தக்ஷாயினிக்கு,

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். வழக்குப் போடுவதென்றால் போடு. அந்த மண்டூர் அம்மா என்னிடம் வந்து கேட்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன். நீ இடையில் நின்று தூண்டிவிடாதே.

போன கிழமை தொலைக்காட்சியில் என் பேட்டி வந்தது. பார்த்திருப்பாய். 'எங்கள் தாய்மாரைக் கிடுகுக்குப் பின்னால் நிறுத்தியது போதும், அவர்கள் மணவறைக்கு வர வேண்டும்' என்று நான் சொன்னதைக் கேட்டு எத்தனை பெண்கள் அழைத்து அழுதார்கள் தெரியுமா? நீ எடுத்து நீயே வைத்திருந்தால் அந்தப் படம் உன் கணினிக்குள் கிடந்து மக்கியிருக்கும். அதற்குக் குரல் கொடுத்தவன் நான்.

ஆவணியில் என் தங்கை மேனுகாவுக்குக் கலியாணம். உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

உதயரூபன்

*

பெரியகல்லாறு
15.09.2024

உதயரூபனுக்கு,

உங்கள் தங்கையின் கலியாணத்தில் என்னைக் கண்டும் காணாதவர்போல நின்றீர்கள். மாப்பிள்ளை தனோஜனும் நானும் கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக்கு என்னைப் படமெடுக்க விடு என்று நானேதான் அவனிடம் கேட்டேன். அவனுக்கு நம் சண்டை தெரியாது. சம்பந்தி வீட்டார் கூட்டி வந்தவளை மண்டப வாசலில் வைத்துத் துரத்த முடியாதென்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் வந்தேன்.

ஏன் வந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு பிழையாவது என் கண்ணில் படாமல் போகாது என்றுதான் வந்தேன். காலையிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் படங்களை அஞ்சலா எடுத்தாள். என் லென்ஸ் முழுக்க உங்கள் மேல்தான் இருந்தது.

பொருத்தமான ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாலித் தட்டு சுற்றிவந்தது. எல்லாரும் அட்சதையைக் கையில் எடுத்தார்கள். புருஷனை இழந்த உங்கள் அம்மா வள்ளிப்பிள்ளை பின்வரிசையிலிருந்து எழும்பி வந்தார். பச்சைக் கரை வைத்த வெளிர்ச் சேலை. கையில் ஒரு பிடி அரிசி. மகளுக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மாமா நல்லரத்தினம் உங்கள் காதுக்குள் ஏதோ சொன்னார். நீங்கள் திரும்பினீர்கள்.

"அங்கால போங்கம்மா! இதுக்குள்ள வராதீங்க!"

மேளச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. சொன்னதோடு நிற்கவில்லை. தோளில் கையை வைத்துத் தள்ளினீர்கள். அவர் கையிலிருந்த அரிசி சிந்தியது.

அந்த நேரத்துப் படத்தின் ஒரு சின்னப் பிரதியை இத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் வாய் திறந்திருக்கிறது. உங்கள் கை அம்மாவின் தோளை அழுத்துகிறது. அரிசி காற்றில் நிற்கிறது. மேனுகா தலையைத் திருப்பி அதைப் பார்க்கிறாள். அவள் கழுத்தில் தாலி இன்னும் ஏறவில்லை. இந்தப் படத்தில் எந்த மூலையும் கலங்கவில்லை. என் கை நடுங்கவே இல்லை.

தாய்மார் மணவறைக்கு வர வேண்டும் என்று பேட்டி கொடுத்த வாயும் இதே வாய்தானே? ஐப்பசியில் புளியந்தீவில் நாங்கள் சில படப்பிடிப்பாளர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறோம். இதை நடுச்சுவரில் மாட்டப் போகிறேன்.

தக்ஷாயினி

*

மட்டக்களப்பு
19.09.2024

தக்ஷாயினி அவர்களுக்கு,

கடைசிக் கடிதம் என்று எழுதினேன். எழுத வேண்டி வந்துவிட்டது. நான் அழைத்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை.

நீங்கள் நினைப்பது போலில்லை. அம்மா லைட்டை மறைத்துக்கொண்டு நின்றார். தாலி கட்டும் நேரம் இரண்டாம் தரம் வராது, உங்களுக்கே தெரியும். படமெடுக்க வந்தவர்களுக்கு மறைக்கிறதே என்ற பதற்றத்தில் ஒதுக்கினேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

சரி, மாமா சொன்னார்தான். "கொம்மாவ அங்கால போகச் சொல்லு, மாப்பிள்ள பக்கத்து ஆக்கள் பாக்காங்க" என்று சொன்னார். எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சம்பந்திகள் முன்னால் ஒரு பேச்சு வரக்கூடாதே என்று பயந்தேன். அவ்வளவுதான் என் குற்றம்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அம்மாவை நினைத்துப் பாருங்கள். இரத்த அழுத்தக்காரி. அவரைத் தள்ளும் படத்தை ஊரெல்லாம் பார்த்தால் அவர் எப்படி வெளியே இறங்குவார்? மண்டூர் அம்மாவுக்காக அவ்வளவு பேசினீர்களே, என் அம்மாவுக்கு இரங்கமாட்டீர்களா?

அந்தப் பரிசுப் படத்தின் கீழ் உங்கள் பெயரைப் போடச் சொல்லி நாளைக்கே எழுதுகிறேன். மண்டபக்காரர் எல்லாரிடமும் நானே நேரில் சொல்கிறேன். இதை மட்டும் வெளியே விடாதீர்கள்.

உதயரூபன்

*

பெரியகல்லாறு
06.10.2024

உதயரூபனுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரேயொரு வரி என்னை நிறுத்தியது, அம்மாவைப் பற்றியது. உங்கள் மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் மண்டூரில் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. கேட்காமல் இன்னொரு தாயைச் சுவரில் மாட்டக்கூடாது. அதனால் ஆரையம்பதிக்கு, உங்கள் அம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

மேனுகாவும் தனோஜனும் கடைக்குப் போயிருந்தார்கள். அம்மா மட்டும் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கலியாணத்துக்குப் படமெடுத்த பிள்ளை என்று சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வந்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். படத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அழுதுவிடுவார், என்னை ஏசுவார், அவருக்கு ஏதும் ஆகிவிடும் என்றெல்லாம் பயந்தேன்.

"நான் மட்டும்தான் இத கண்டிரிக்கன் எண்டு நெனச்சன் புள்ள," என்றார். "அண்டைக்கு வீட்ட வந்து மேனுகாவிட்டச் சொன்னன், அண்ணன் என்னத் தள்ளினான் எண்டு. இல்லம்மா, சனம் நெருக்கினதில தட்டுப்பட்டிரிக்கும் எண்டாள். அவளும் பாத்துக்கிட்டுத்தானே நிண்டவள்! இவண்ட மாமன் கேட்டுட்டு, உனக்கு மண்ட பிசகிப் போச்சி எண்டான். மறுகா எனக்கே ஒரு ஐமிச்சம். ஆரும் தள்ளல்ல, நானாத்தான் தடுக்கினனாக்கும் எண்டு."

படத்தில் உங்கள் கை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "கை இரிக்கி," என்றார். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல."

இதைக் கண்காட்சியில் வைக்கப் போகிறேன், நீங்கள் வேண்டாம் என்றால் வைக்கமாட்டேன் என்றேன். நம் பகையையும் மறைக்காமல் சொன்னேன். உங்கள் மகனை அவமானப்படுத்தத்தான் இதை எடுத்தேன் என்றும், அவர் லைட்டை மறைத்ததால்தான் ஒதுக்கியதாக நீங்கள் எழுதியதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "புருஷன் செத்து இருவது வருஷமா, கூலிக்கு வயல்வட்டையில நாத்து நட்டும் களை புடுங்கியும் இவங்கள வளத்தன். இவண்ட மொதல் கமராக்கு எண்ட காதில கெடந்ததக் கழட்டிக் குடுத்தன். வேற ஒருத்தியிர தாய் மறைவில நிண்டா அது படம். சொந்தத் தாய் முன்னால வந்தா மறைப்பு. வையி புள்ள. ஆரு எடுத்தது எண்டு உண்ட பேரப் போடு. ஆரத் தள்ளினது எண்டு எண்ட பேரயும் போடு. வள்ளிப்பிள்ளை எண்டு ஒழுங்கா எழுதணும்."

எழுதிவிட்டேன். ஐப்பசி நடுவில் கண்காட்சி. வருவதென்றால் வாருங்கள்.

தக்ஷாயினி

*

மட்டக்களப்பு
24.11.2024

தக்ஷாயினிக்கு,

வெற்றிதான் உனக்கு. கொண்டாடு.

நான் கண்காட்சிக்கு வரவில்லை. வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா பச்சைக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, படத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஓம், அது நான்தான், அது எண்ட மகன்தான் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாராம். சனம் போனில் எடுத்து எல்லா இடமும் பரப்பிவிட்டது. தை மாதத்துக்கு என்னை எழுதி வைத்திருந்த கலியாணக்காரர் ஒவ்வொருவராக வேண்டாமென்கிறார்கள். ஒரு பெண்ணின் தாய் ஸ்டூடியோவுக்கே வந்து, "தம்பி, எண்ட புள்ளையிர கலியாணத்தில என்ன எங்க நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டாள்.

கொழும்புப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். படத்தை எடுத்தது நீ என்று எழுதினேன். மண்டூர் அம்மா சொன்னபடி அதை இறக்கவும் சொன்னேன். உனக்காகச் செய்யவில்லை. இனி அது என் பெயரில் இருந்தால் இன்னும் காறித் துப்புவார்கள் என்பதற்காகச் செய்தேன்.

நீ அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்டூரிலிருந்து வந்து உன் கமராக் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உன் மேல் வந்தது பெருமை இல்லை. வெறுப்பு. இத்தனை வருடம் மணவறைக்கு முன்னாலேயே நின்று தேய்ந்தவன் நான். நேற்று வந்தவள் ஒருதரம் பின்னால் போய்விட்டு இதைக் கொண்டுவந்தாள். நான் பார்த்துப் பார்த்து மலைத்த படப்பிடிப்பாளர்களின் படங்கள் எல்லாம் அதற்குப் பக்கத்தில் சும்மா கிடந்தன. அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டேன். இப்போதும் உன்னை வெறுக்கிறேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கண்காட்சி முடிந்துவிட்டது. அந்தப் படத்தை என்னிடம் தந்துவிடு. அம்மா என்னோடு பேசுவதில்லை. அந்தச் சனியன் உலகத்தில் இருக்கும்வரை பேசமாட்டார் என்று நினைக்கிறேன்.

உதயரூபன்

*

பெரியகல்லாறு
08.12.2024

உதயரூபனுக்கு,

கடிதம் கிடைத்தது. பரிசைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி சொல்லமாட்டேன். நீங்கள் அவமானப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று வைகாசியில் எழுதினேன். பார்த்துவிட்டேன். இனிக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்லமாட்டேன்.

வெறுப்பு என்று எழுதினீர்களே, அந்த ஒரு பந்தியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மையான வார்த்தை அதுதான். ஆனால் அதற்காகவும் உங்களை மன்னிக்கப் போவதில்லை. நம் கணக்கு இத்தோடு முடிந்தது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

நீங்கள் கேட்ட படம் என்னிடம் இல்லை. கண்காட்சி முடிந்த அன்று உங்கள் அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் அஞ்சலாவும்தான் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆரையம்பதி வீட்டு முன்கூடத்தில் ஆணி அடித்து மாட்டினோம். மேனுகா அழுதாள், வேண்டாம் என்றாள். தனோஜன் ஏணியைப் பிடித்தான். வாசலால் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான்.

அதை என் கணினியிலிருந்தும் அழித்துவிட்டேன், அம்மாவின் கண்முன்னால். உங்களுக்கு அனுப்பிய சின்னப் பிரதியையும் சனம் போனில் பரப்பியதையும் விட்டால், இப்போது உலகத்தில் இருக்கும் ஒழுங்கான பிரதி அந்த ஒன்றுதான், அது அவருடையது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய், அதற்கு முன்னால் நின்று, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்களிடம் சொல்லச் சொல்லி அவர் ஒரு வார்த்தை தந்தார். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

"அவன் வந்தா வரட்டும். நான் தள்ளமாட்டன். ஆனா படத்தக் கழட்டித் தரவும் மாட்டன். அதுக்குக் கீழ இருந்துதான் அவன் சோறு திங்கணும்."

தக்ஷாயினி